13,50,359 பகா எண்தானா?

ஆஸ்பத்திரியின் பதிவுக் கவுண்டரில் என் மைத்துனன் தகராறு செய்துகொண்டிருந்தான். அவன் அக்காவுக்குக் கொடுத்த நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வருகிறதாம். அதை மாற்றித் தர வேண்டுமாம்.

நம்பர் 1350359. என் மனைவியின் ஃபைல் அட்டை மேல் அதை அப்போதுதான் ஒட்டியிருந்தார்கள். அதற்குள் இவன் விரல்விட்டுக் கூட்டி முடித்துவிட்டான். இருபத்தாறு, இரண்டும் ஆறும் எட்டு, எட்டு சனிக்கு உரியது. பெருந்துறையில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். அவனுடைய கார், டெம்போ, செல்போன் எல்லாமே கூட்டிப் பார்த்து வாங்கியவைதான். பட்டறையின் கதவு எண்ணுக்குப் பின்னால்கூட ஒரு 'ஏ' சேர்த்து வைத்திருக்கிறான். அந்த 'ஏ'வுக்கும் ஏதோ மதிப்பு உண்டு என்று ஒருமுறை எனக்கு விளக்கினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"ஏனுங் அம்மணி, இதைக் கேன்சல் பண்ணிப்போட்டு அடுத்த நம்பரைக் குடுங்க. அடுத்தது கூட்டுனா ஒம்பது வருது. ஒம்பதுன்னா நல்லதுங்க."

"அது கம்ப்யூட்டரு தானாப் போடறதுங்க சார். அடுத்த நம்பரு பின்னால நிக்கறவங்களுக்குங்க."

பின்னால் நின்றவர் மஞ்சள் துணிப்பையை மார்போடு அணைத்திருந்தார். தனக்கு ஒன்பது வரப்போகிறது என்று தெரிந்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. என்ன வியாதி என்று தெரியாது. ஆனால் அந்த வரிசையில் ஜலதோஷத்துக்கு யாரும் நிற்பதில்லை.

என் மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏன்டா கண்ணு, ஒம்பதை வாங்கிட்டா கட்டி கரைஞ்சு போயிருமாடா?" என்றாள். அவன் அக்காவுக்கு எதிரே அழக்கூடாது என்று வெளியே போய், எதிரில் இருந்த பேக்கரியில் டீ குடிக்கிற மாதிரி நின்றுகொண்டான்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவன் நான். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் அதை ஒன்பதால் வகுக்கும்போது என்ன மீதி வரும் என்று தெரியும். எட்டு வந்தால் மீதி எட்டு. ஆகவே அது ஒன்பதால் வகுபடாது, மூன்றாலும் வகுபடாது. இதற்கு மேல் அந்தக் கூட்டுத்தொகையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. சனிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இதை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவன உடுங்க. நீங்க இந்த நம்பரைப் பாருங்க. பாத்தா பகா எண்ணு மாதிரியே இருக்குதுங்களா இல்லீங்களா?"

நான் பார்த்தேன். இருந்தது.

இந்த இடத்தில் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளும் கணக்கு டீச்சர்தான், மேல்நிலைப் பள்ளியில். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரில் தாராபுரத்தில் இருந்த என் அம்மா வீட்டுக்குப் போகும்போது, முன்னால் போகும் வண்டியின் நம்பரை அது கண்ணிலிருந்து மறைவதற்குள் காரணிப்படுத்திச் சொல்ல வேண்டும் என்று விளையாட ஆரம்பித்தோம். ஸ்கூட்டர் போய்க் கார் வந்தது, விளையாட்டு மட்டும் அப்படியே இருந்தது. ஒருமுறை பல்லடம் தாண்டி ஒரு பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. 5183. நான் ஏழால் வகுக்க ஆரம்பிப்பதற்குள், "எழுவத்தொண்ணு பெருக்கல் எழுவத்து மூணுங்க" என்றாள். எழுபத்திரண்டின் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. என்னைவிட அவள் வேகம். கணக்கில் அவள் தவறியதை நான் பார்த்ததே இல்லை. பேச்செல்லாம் தமிழில் இருந்தாலும் கணக்கு மட்டும் அவளுக்குத் தெலுங்கில்தான் ஓடும், அவள் பிறந்த வீட்டில் தெலுங்கு. வகுக்கும்போது உதடு லேசாக அசையும். என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரியாது.

நான்கு இலக்கம் வண்டிகளுக்குச் சரி. ஏழு இலக்க எண்ணை அதுவரை நாங்கள் தொட்டதில்லை.

முதல் கீமோ நாளில் அவளைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை கட்டினார்கள். பட்டையிலும் அதே நம்பர். டிரிப்ஸ் ஏறத் தொடங்கியதும் நர்ஸ் போய்விட்டார். அறையில் வரிசையாக ஏழெட்டு நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒருவர், ஒவ்வொருவர் பக்கத்திலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு துணை. டி.வி.யில் சத்தமில்லாமல் ஏதோ சமையல் நிகழ்ச்சி. நானும் முகத்தைத் தொங்கப் போட்டேன்.

"ஏனுங்க, இப்படியே உக்காந்திருந்தா நான் வியாதியில போக மாட்டனுங்க, உங்க மூஞ்சியப் பாத்தே போயிருவேன்" என்றாள். பிறகு பட்டையைக் காட்டினாள். "வாங்க, இதைப் பிரிக்கலாம்."

விதிகளை அவளே சொன்னாள். செல்போனைத் தொடக்கூடாது. அதில் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும், அது விளையாட்டே இல்லை. மனக்கணக்குத்தான், ரொம்பவும் முடியாவிட்டால் ஒரு துண்டுத்தாள். பகா எண்களாகப் பார்த்து ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வகுக்க வேண்டும். போகவில்லை என்றால் மீதி எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொன்ன மீதியை மற்றவர் சரிபார்க்கக் கூடாது.

"அதெதுக்குக் கூடாது?"

"நம்பிக்கைன்னு ஒண்ணு வேணுமில்லீங்க."

இரண்டு, மூன்று, ஐந்து மூன்றாலும் வகுபடாது என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. அடுத்த மூன்றை அவள் ஒரே வெட்டில் முடித்தாள். எண்ணைப் பின்னாலிருந்து மும்மூன்றாகப் பிரித்தால் 359, 350, 1. முதலாவதில் இரண்டாவதைக் கழித்து மூன்றாவதைக் கூட்டினால் பத்து. ஏழு, பதினொன்று, பதிமூன்று மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று வருவதால், இந்தப் பத்தைப் பார்த்தாலே போதும். பத்து ஏழால் போகாது, பதினொன்றாலும் பதிமூன்றாலும் போகாது. பதினேழு என் முறை. மீதி பதினைந்து. பத்தொன்பது அவள் முறை. மீதி பத்து.

"எது வரைக்கும் போகணுங்க?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாதது இல்லை, என்னைப் பேச வைக்கக் கேட்டாள்.

ஓர் எண்ணுக்குக் காரணி இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒன்று அகப்பட்டே தீரும். இந்த எண்ணுக்கு வர்க்கமூலம் 1162-ஐ ஒட்டி வருகிறது. அதுவரைக்கும் உள்ள பகா எண்களில் ஒன்றுகூடப் போகவில்லை என்றால் இதுவும் பகா எண். அதற்குள் கிட்டத்தட்ட இருநூறு பகா எண்கள் இருக்கும் என்று சொன்னேன்.

"நல்லதாப் போச்சுங்க. இது பகா எண்ணா இல்லையான்னு தெரியாம நான் எங்கியும் போறதில்ல. சொல்லிப்போட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தை எனக்குள் வேலை செய்யத் தொடங்கியது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மைத்துனனை நான் கேலி செய்ததற்குச் சரியாக, எனக்கும் ஒரு சனி பிடித்தது. கணக்கு முடியாதவரை அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று என் மனம் நம்ப ஆரம்பித்துவிட்டது. வகுப்பில் நிகழ்தகவு நடத்திக்கொண்டே இதை நம்பினேன். ஆகவே காரணி எதுவும் அகப்பட்டுவிடக் கூடாது. என் முறை வரும்போதெல்லாம் பூஜ்யம் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே வகுப்பேன். மீதி வந்ததும் அப்பாடா என்று இருக்கும். அவள் கண்ணை மூடி உதட்டை அசைக்கிற நேரத்தில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "போகலீங்க" என்று சொன்னதும் மூச்சு வரும். அவள் இதைக் கவனித்திருப்பாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எத்தனையோ வருடம் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளின் முகத்தைப் படித்தவள் அவள்.

வேகத்தையும் நான் குறைத்தேன். ஒரு தடவை உட்கார்ந்தால் ஆளுக்கு நான்கைந்து எண்களுக்கு மேல் கூடாது என்றேன், அவள் களைத்துப் போவாள் என்று காரணம் சொன்னேன். முடி கொட்டியது. நாக்கில் ருசி போனது. ரசம் சாதம் இரும்பு மாதிரி இருக்கிறது என்று தட்டை நகர்த்தினாள். பள்ளியில் இருந்து பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். வீடு முழுக்க ஆரஞ்சு வாசம், அவளுக்கு அது குமட்டியது. ஒவ்வொரு கவுண்டரிலும், ரத்தம் எடுக்கிற இடத்திலும், மருந்துக் கடையிலும் "நம்பர் சொல்லுங்க" என்பார்கள். நான் 1350359 என்பேன். எங்கள் வீட்டு டெலிபோன் நம்பரை விட அது எனக்கு மனப்பாடம் ஆனது.

இருநூறைத் தாண்டினோம், முந்நூறைத் தாண்டினோம். எதுவும் போகவில்லை.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மெதுவாகப் பேசுகிறவர், அன்று இன்னும் மெதுவாகப் பேசினார்.

"மருந்து நாம நெனச்ச அளவுக்குக் கேக்கலைங்க. கல்லீரல்லயும் கொஞ்சம் தெரியுது. வேற மருந்து மாத்திப் பாக்கலாம்."

பார்க்கலாம் என்ற சொல்லை நான் அதற்கு முன் இவ்வளவு வெறுத்ததில்லை. என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சரிங்க டாக்டர். இன்னைக்கு டிரிப்ஸ் இருக்குதுங்களா?" இருந்தது. புது மருந்து, அதே நாற்காலி.

என் முறை 331. எப்படியோ வகுத்தேன், மீதி இருநூற்றுப் பத்து. என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. அடுத்தது 337, அவள் முறை. கண்ணை மூடினாள். உதடு கொஞ்ச நேரம்தான் அசைந்தது, சட்டென்று நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வழக்கமாக மீதியைச் சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிவிடுவாள். அன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டிருக்கிறேனா என்று பார்க்கிறாள் என நினைத்தேன், அழுதுகொண்டுதான் இருந்தேன்.

"போகலீங்க. மீதி ஒண்ணு" என்றாள்.

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. 347 என் முறை. எண் கண்ணுக்கு முன்னால் நிற்க மாட்டேன் என்றது. என்ன கூத்து இது, உள்ளே அவளை எதுவோ தின்றுகொண்டிருக்கிறது, நாம் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிறோம் என்று ஆத்திரம் வந்தது. பையிலிருந்து செல்போனை எடுத்தேன்.

"போதும் அம்மணி. இதுல போட்டுப் பாத்து முடிச்சறலாம்."

"போனை உள்ள வைங்க!"

கத்திவிட்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். எதிர் நாற்காலியில் கம்பளி போர்த்திப் படுத்திருந்த ஆள் கண்ணைத் திறந்தார். நான் போனை உள்ளே வைத்தேன். அவள் என் முழங்கை மேல் கையை வைத்து, பழைய குரலில், "மெதுவா வகுங்க. இவ்வளவு பெரிய நம்பருக்கு என்ன அவசரமுங்க?" என்றாள். நான் மெதுவாக வகுத்தேன். 347-ம் போகவில்லை.

திரும்பி வரும்போது அவினாசி ரோட்டில் வண்டிகள் அசையவே இல்லை. பீளமேட்டுக்கு முன்னால் மாட்டிக்கொண்டோம். மேலே மேம்பாலம், கீழே நாங்கள், முன்னால் ஒரே லாரியின் பின்பக்கம். அந்த லாரியின் நம்பரை எப்போதோ பிரித்து முடித்துவிட்டோம். நான் பேசாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேசினால் கல்லீரல் என்று ஆரம்பித்துவிடுவேன் என்று பயம்.

"ஏனுங்க, நான் ஒரு நம்பர் சொல்றேன். நீங்க பாருங்க."

"சொல்லு."

"நாலாயிரத்து ஏழு."

பார்த்தேன். வேறு என்ன செய்ய? ஆயிரத்தொன்று நான்கு தடவை போக மீதி மூன்று, ஆகவே ஏழு, பதினொன்று, பதிமூன்று மூன்றும் இல்லை. பதினேழுக்கு மீதி பன்னிரண்டு. பத்தொன்பதுக்குப் பதினேழு. வண்டிகள் கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் நின்றன. அறுபத்து மூன்று வரைக்கும் போனால் போதும். நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று, நாற்பத்தேழு. வகுக்க வகுக்க நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் ஓரமாக நகர்ந்தது, அதற்காகத்தான் கொடுத்தாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அறுபத்தொன்றும் போகவில்லை. அப்போது விளாங்குறிச்சி ரோட்டில் திரும்பியிருந்தோம்.

"பகா எண்" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வீடு வரும்வரை தூங்கினாள்.

புது மருந்தும் கேட்கவில்லை. அதற்கப்புறம் இன்னொன்று. நாங்கள் நானூறுகளையும் ஐந்நூறுகளையும் கடந்தோம். முதலில் சாய்வு நாற்காலியில், பிறகு வீட்டுக் கட்டிலில், கடைசியாக ஆஸ்பத்திரி வார்டில். வலி மருந்து கொடுத்த பிறகு அவளுக்கு நினைவு நழுவும். ஒரு வகுத்தலுக்கு அரை நாள் ஆகும். காலையில் கேட்ட எண்ணுக்கு மத்தியானம் மீதி சொல்வாள். வேண்டாம், ஓய்வெடு என்றால் தலையை ஆட்டுவாள். நானும் உண்மையில் நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும் கிட்டத்தட்டப் பாதி பாக்கி இருக்கிறது, 1162 ரொம்ப தூரம் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசிய பிறகும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருந்தது.

617 என் முறை. மீதி முந்நூற்று அறுபத்து மூன்று என்றேன். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. அடுத்தது 619, அவளுடையது. "அம்மணி, உன்ற முறை" என்றேன். விரல் அசைந்தது. "அப்பறம்..." என்றாள். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

கடைசியாகக் கவுண்டரில் நம்பர் கேட்டார்கள். சொன்னேன். மணிக்கட்டுப் பட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு ஆளைக் கொடுத்தார்கள். மயானத்தில் இருந்து வெளியே வரும்போது மைத்துனன் என் தோளில் சாய்ந்து அழுதான். "மாமா, அன்னைக்கே நான் அந்த எட்டு..." என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கிக்கொண்டான். அவனை அங்கேயே ஓங்கி அறைந்துவிடலாமா என்று இருந்தது. அறையவில்லை. அவனுக்கு எட்டு என்றால் எனக்கு 619. கணக்கு முடியவில்லையே, எப்படிப் போனாள் என்று நான் அந்த நேரத்தில் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காரியத்தைப் பாதியில் விடுகிறவள் இல்லை அவள். அது எனக்குப் பெரிய துரோகமாகப் பட்டது.

மாதங்கள் போயின. அந்த எண்ணை நான் தொடவில்லை. ஆஸ்பத்திரி விடவில்லை. 1350359 பரிசோதனைக்கு வர வேண்டும் என்று செல்போனில் செய்தி வந்தது. கூப்பிட்டு, அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். எதிர்முனையில் ஒரு பெண் ரொம்பவும் வருத்தப்பட்டு, லிஸ்டிலிருந்து எடுத்துவிடுகிறோம் சார் என்றாள். அடுத்த மாதம் மறுபடியும் வந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் ஓட்டல் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. ஆத்திரத்தில் ஒரு தாளை எடுத்து 619 என்று எழுதினேன். அவளுடைய முறையை நானே வகுத்தேன். மீதி முந்நூற்றிருபது. எழுதி முடித்ததும் குழந்தை மாதிரி அழுதேன்.

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. அவள் பங்கையும் என் பங்கையும் சேர்த்து நானே பார்த்தேன். கல்லூரியில் இடைவேளைகளில், மாலையில் வீட்டில். எண்ணூறு, தொள்ளாயிரம், ஆயிரம் தாண்டியது. 1151 போகவில்லை. கடைசி எண் 1153. மீதி நூற்றுத் தொண்ணூற்றாறு. முடிந்தது. எந்த எண்ணாலும் போகவில்லை. ஆகவே 13,50,359 பகா எண். அவள் முதல் நாளே பார்த்துச் சொன்னது சரிதான். யாரிடம் சொல்வது? எழுந்து வீட்டுக்குள் நடந்தேன். சமையலறை வரை போய்விட்டேன், சொல்ல.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது, இனி செல்போனைத் தொடுவதில் தப்பில்லை என்று தோன்றியது. கையால் முடித்தாயிற்று. ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம். எண்ணைத் தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்தது.

337 × 4007.

தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் தட்டினேன். அதேதான். அவளா? ஒரு நாளும் தவறாதவள் தவறினாளா? மருந்து மூளையை மங்க வைக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பாவம், அன்று ஸ்கேன் வேறு. அப்படித்தான் இருக்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு தாளில் போட்டுப் பார்த்தேன். 337-ஐ நாலாயிரத்தால் பெருக்கினால் 13,48,000. கழித்தால் 2359. அது 337-இன் ஏழு மடங்கு. இரண்டே அடி. நாங்கள் வகுத்த அத்தனை எண்களிலும் இதைவிடச் சுலபமான கணக்கு இல்லை. பாதி மயக்கத்தில் 601-க்கு மீதி சொன்னவள், நல்ல நினைவோடு இருந்த அன்று இதில் தவற மாட்டாள். போகவில்லை என்றதோடு நில்லாமல் ஒரு மீதியையும் சொன்னாளே. 337-க்குள் எந்த எண்ணை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஒன்று என்று சொன்னாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்தவள் மேல் அவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. முடிந்துபோன கணக்கை முடியாதது போல வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட எண்களைக் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, வலியோடு வகுத்துக்கொண்டிருந்தாள். எதற்கு? என் மூஞ்சிக்காக. கணக்கு இருக்கும்வரை அவள் இருப்பாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை டாக்டரம்மா திரையைத் திருப்பிய அதே நாளில் என்னிடமிருந்து பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. போனை உள்ளே வை என்று கத்தியது அதற்குத்தான்.

அப்போதுகூட எனக்கு முழுதாக உறைக்கவில்லை. திரையில் இருந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 4007. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. மேம்பாலம், முன்னால் ஒரு லாரி, கண்ணாடியில் சாய்ந்த தலை. ஓர் எண்ணைப் பிரித்தால் கிடைக்கும் இரண்டும் பகா எண்கள்தானா என்று பார்த்த பிறகுதான் கணக்கு முடியும். அதைப் பார்க்காமல் விடுகிறவள் இல்லை அவள். அன்று அவளுக்கு அதற்குத் தெம்பு இல்லை. ஆகவே என்னிடம் கொடுத்தாள்.

பீளமேட்டில் இருந்து விளாங்குறிச்சி ரோடு வரைக்கும் அதை வகுத்தது நான்தான். பகா எண் என்று சொன்னதும் நான்தான். நல்லாப் பாத்தீங்களா என்று கேட்டாள். பாத்தேன் என்றேன்.